வீடு சந்திப்புக்குப் போகிறவர்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

பாளைக்காரி | செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் போதகர் இல்லை, டாக்டரும் இல்லை. எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து)ப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதினோரு வருஷமாக வீடு சந்திப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் இரண்டு பேராகக் கிளம்புவோம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். ஆனால் விஷயம் ஜெபம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். வாசலில் செருப்பைத் தேடும்போது "அக்கா, ஒரு நிமிஷம்" என்பார்கள்.

இன்றைக்கு என்னோடு வருகிறவருக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். பிரசவம் முடிந்து இரண்டரை மாதம் ஆன பெண், அம்மா வீட்டில் இருக்கிறாள். பிள்ளை தூளியில் கிடந்து அழுதது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது சொன்னாள்: "பிள்ளை அழுதா பக்கத்து வீட்டுல யாரோ அழுற மாதிரி இருக்குக்கா. நான் செத்துப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. சொன்னா பைத்தியம்னு சொல்லி என்னைத் திருப்பிக் கூப்பிட மாட்டாங்க."

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கையைப் பிடித்து ஜெபம் பண்ணினேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சொன்னால் வாக்குத் தவறியவள் ஆவேன். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். எங்களைப் போலப் படிப்பும் பயிற்சியும் இல்லாதவர்கள் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வார்டு_நர்ஸ் | செவ்வாய், இரவு 9.41

அக்கா, எல்லையைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பெண். மனநலப் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது நாளைக்குத் தள்ளிவைக்கிற காரியம் இல்லை.

இப்போதே அவளுக்குப் போன் பண்ணுங்கள். "மத்தியானம் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாது. உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் ஒருத்தியா வச்சிருக்க முடியாது. அம்மாகிட்ட சொல்லப் போறேன், நீயும் கூட இரு" என்று அவளிடமே முதலில் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய்ச் சொன்னால்தான் துரோகம் மாதிரி இருக்கும்.

நேராகக் கேளுங்கள்: சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறாயா? பிள்ளையையும் சேர்த்து யோசித்தாயா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருத்தராவது வாய் திறந்து கேட்டார்களே என்று அழுதுவிடுவார்கள், அவ்வளவுதான்.

இன்று ராத்திரி அவள் தனியாகப் படுக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் படுக்கட்டும். வீட்டில் இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எதுவானாலும் வேறு வீட்டுக்குப் போகட்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. எப்படி என்று யோசித்தே வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், அல்லது காதில் குரல் கேட்கிறது, பிள்ளை தன்னுடையது இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பேசினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.


பாளைக்காரி | செவ்வாய், இரவு 11.10

பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். எப்படி என்றெல்லாம் யோசிக்கவில்லை, காலையில் எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றுகிறதாம். குரல் எதுவும் கேட்கவில்லை. அவளை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவர் "பேய் பார்வை பட்டிருக்குமோ" என்றார். ஆனாலும் பக்கத்தில் பாய் விரித்துவிட்டார். மேல் அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவை அவள் தம்பி சித்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். நாளைக் காலையில் மூன்று பேருமாக அரசு மருத்துவமனைக்குப் போகிறோம்.


தோட்டக்காரன் | புதன், காலை 6.15

நர்ஸ் சகோதரி சொன்னது சரி. இருந்தாலும் இழையின் தலைப்பைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. நான் கிராமத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊழியம் செய்கிற போதகன். எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்கள் டாக்டரைத் தேடிப் போக மாட்டார்கள். மனநல டாக்டரிடம் போனார்கள் என்று தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும். என்னிடம்தான் வருகிறார்கள். நான் எல்லை பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

ஜெபத்தினால் தேறி எழுந்தவர்களைக் கண்ணாரக் கண்டவன் நான். குடியை விட்டவர்கள், தூக்கம் திரும்பியவர்கள். லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்களைப் பலரும் குற்றவாளி மாதிரிப் பேசுவது வேதனையாக இருக்கிறது.


ஹார்லிக்ஸ்_பாட்டில் | புதன், காலை 8.30

ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் என் வீட்டுக் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. மாத்திரைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சாமான் அலமாரியில் வைத்திருப்போம். அதைச் சாப்பிட்ட காலத்தில் அம்மா சமைப்பார், பூ கட்டுவார், சபைக்கு வருவார். கொஞ்சம் தூக்கக் கலக்கம், கொஞ்சம் உடம்பு பெருத்தது. அவ்வளவுதான். அப்போது வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஊழியர் ஒருநாள் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, "விசுவாசம் இருக்கிற வீட்டுல இது எதுக்கு?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். அப்பா உட்பட எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நானும் சொன்னேன்.

முதல் ஆறு வாரம் அம்மா முன்னைவிட நன்றாக இருந்தார். தூக்கக் கலக்கம் போனது, முகம் தெளிந்தது. மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். நிறுத்தினவுடன் ஒன்றும் ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஏழாவது வாரம் தூக்கம் போயிற்று. எட்டாவது வாரம் அம்மாவைக் காணவில்லை. நான்கு நாள் கழித்து வேறொரு மாவட்டத்தின் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தோம். காலில் செருப்பு இல்லை, பாதம் முழுக்கக் கொப்புளம். என்னைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார்.

அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதிலும் முழுசாக வரவில்லை. அந்த ஊழியர் மறுபடி வரவே இல்லை.

ஜெபத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கப்புறம் வயதான உபதேசியார் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். மடியில் ஒரு பொட்டலம் முறுக்கு இருக்கும். திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாத்திரை போட்டாச்சா தாயி?" ஜெபத்தில் அந்த மாத்திரைக்காகவும் நன்றி சொல்வார். அம்மா அவருக்காகவே போடுவார். அவரிடமும் லைசென்ஸ் இல்லை ஐயா.


வார்டு_நர்ஸ் | புதன், மதியம் 2.05

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட பாதங்களை வார்டில் கழுவியிருக்கிறேன் தம்பி.

என்னைக் கேட்டால், லைசென்ஸ் இல்லாதவருக்கு முதல் எல்லை மாத்திரைதான். நிறுத்தச் சொல்லக் கூடாது. குறைக்கச் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிக் கொடுக்கவும் கூடாது. "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமா" என்ற ஒரு வார்த்தைகூட நம் வாயிலிருந்து வரக் கூடாது. பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்று சொன்னால், அதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோக உதவலாம். அது பெரிய உதவி. டாக்டரைப் பார்க்கிற ஐந்து நிமிஷத்தில் பாதிப் பேருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

உபவாசமும் இதோடு சேர்ந்ததுதான். அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருகிற இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர் மூன்று நாள் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், உடம்பில் நீர் குறைந்து சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அளவு ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும், தள்ளாடி விழுவார். இது உயிருக்கே ஆபத்து. ஜெபக்கூட்டத்தில் அப்படி விழுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் வேறு அர்த்தம் சொல்லிவிடுவார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே உபவாச ஜெபத்துக்கு ஒருவரைக் கூப்பிடும் முன்னால், "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்பது ஊழியக்காரரின் கடமை.

இன்னொன்று. நேற்றுவரை நன்றாக இருந்த வயதானவர் இரண்டே நாளில் ஆளை மாற்றிப் பேசினாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, முதலில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, இப்படி எதுவாகவும் இருக்கலாம். ஒரு சலைன் பாட்டிலில் தெளிந்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

பாளை அக்கா, அந்தப் பெண்ணுக்கு இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. மருந்து ஆரம்பித்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ஐந்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள்.


தென்காசி_வக்கீல் | புதன், மாலை 7.40

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய 1992ஆம் வருஷத்து மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவு வேண்டும். ஆறுதல் சொல்வதற்கோ ஜெபிப்பதற்கோ எந்தப் பதிவும் வேண்டாம். போதகர் ஐயா அந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் வாசலில் "மனநல ஆலோசகர்" என்று பலகை மாட்டாதீர்கள். விசிட்டிங் கார்டிலும் போடாதீர்கள். "சபை ஊழியர்" என்றே சொல்லுங்கள். வருகிறவர் தாம் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசட்டும்.

ஆட்களைத் தங்கவைப்பது வேறு கதை. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். ஜெபவீடு, ஆசிரமம் என்று பெயர் வைத்தால் விலக்கு வராது. சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், மூன்றாம் முறை ஐந்து லட்சம்வரை ஏறும். சங்கிலி போடுவதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. "அவர் நன்மைக்காகத்தான் கட்டினோம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அப்புறம்தான் அரசாங்கம் விழித்தது. பிற்பாடு அதே ஏர்வாடியில் துவாவும் (தொழுகை வேண்டுதலும்) மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி "தவா-துவா" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். திருச்சி பக்கத்துக் குணசீலம் கோயிலிலும் அப்படி ஏற்பாடு உண்டு. தொழுகைக்கு வந்தவரைத் தொழ விட்டுவிட்டே டாக்டரையும் பார்க்க வைப்பது. போதகர் ஐயா, உங்கள் ஊருக்கும் அந்த வழி பொருந்தும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறார்கள். எந்தக் கிழமை என்று விசாரித்து வையுங்கள். இரண்டு பஸ் ஒரு பஸ் ஆகலாம்.

இரகசியம் பற்றி முக்கியமான ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இது டாக்டருக்கு, டீச்சருக்கு, போதகருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, எல்லாருக்கும் பொருந்தும். சொல்லாவிட்டால் ஆறு மாதம்வரை சிறை. "சபைக்குள்ளே பேசித் தீர்த்துக்குவோம்" என்று மூப்பர்கள் கூடி உட்காருவதே குற்றத்தை மூடி மறைப்பதுதான். செய்தவர் சபையில் பெரிய மனிதராக இருந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கூப்பிட்டால் அவர்கள் வழி காட்டுவார்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தப் பயத்தால் யாரும் ஆஸ்பத்திரியைத் தவிர்க்க வேண்டாம்.


யாழ்_நங்கை | வியாழன், அதிகாலை 5.30

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆலோசனை என்று சொல்வதில்லை, உளவளத்துணை என்போம். 2004 சுனாமிக்குப் பிறகும் 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் எத்தனையோ பேர் உதவ வந்தார்கள். அன்போடு வந்தவர்கள்தான். ஆனால் ஒரே தாயிடம் இன்று ஒருவர், நாளை ஒருவர், அடுத்த கிழமை வேறொருவர் என்று "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பிள்ளையை இழந்த இடத்திலிருந்து தொடங்கிக் கதைக்க வேண்டும். என் பெரியம்மா கடைசியில் சொன்னார்: "வாறவையெல்லாம் என்னை அழவைச்சுப்போட்டுப் போயினம், ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்க நிக்கேல்லை."

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியில் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. கேள் என்றால் அவர் சொல்வதைக் கேட்பது, தோண்டிக் கேட்பதல்ல. இணை என்பதுதான் நாங்கள் மறக்கிற சொல். சாப்பாடு, மருத்துவம், உறவு, சங்கத்துக் கடன், எது தேவையோ அதனோடு அவரைச் சேர்த்துவிடுவது.

நாங்கள் தேவாலயக் குழுவில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றாக இருப்போம். பெயர் சொல்லாமல், என்ன கேட்டோம், எது எங்களைப் பாதித்தது என்று ஒரு மூத்த உளவளத்துணையாளரிடம் கதைப்போம். அந்த மேசை இல்லாமல் நான் இந்த வேலையில் பத்து வருடம் நின்றிருக்க மாட்டேன். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் குறித்து வையுங்கோ.


அருட்சகோதரி_ம | வியாழன், பிற்பகல் 3.15

நான் கத்தோலிக்கத் துறவி. மருத்துவமனையில் நோயாளிகளை ஆன்மிக முறையில் சந்திப்பது என் பணி. பாளைக்காரி அம்மாவின் அந்த வாக்கு என் மனதை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் நானும் என் முதல் வருஷத்தில் அதையே கொடுத்தவள்.

எங்கள் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அது குருவானவருக்கும் அந்த அருட்சாதனத்துக்கும் மட்டும் உரியது. கட்டில் ஓரத்தில் என்னிடம் சொல்வது அதில் சேராது. மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் நான் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவேன்: "நீங்கள் சொல்வதை வெளியே பேச மாட்டேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றால், அதை மட்டும் சொல்ல வேண்டிவரும். அப்போதும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இப்படிச் சொன்னால் பேச மாட்டார்களோ என்று பயந்தேன். பேசுகிறார்கள். இன்னும் நம்பிப் பேசுகிறார்கள்.

கதவைப் பாதி திறந்து வைப்பேன். தலையில் கை வைக்கும் முன் "வைக்கட்டுமா?" என்று கேட்பேன். ஜெபம் சொல்லும் முன்னும் கேட்பேன், ஏனென்றால் நோயாளி "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய சில விஷயங்களில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். ஊசியை மறுக்க முடியாது, சாப்பாட்டை மாற்ற முடியாது, என் ஜெபத்தையாவது மறுக்கலாமே. எதிர்பாலருடன் தனியாகக் காரில் போவதில்லை, கடன் கொடுப்பதும் வாங்குவதும் இல்லை. சுகமான பிறகு தருகிற தங்க மோதிரத்தை எத்தனை கெஞ்சினாலும் வாங்குவதில்லை.

"நீங்க இல்லாட்டி நான் இல்ல சிஸ்டர்" என்று ஒருவர் சொல்லும்போது மனம் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் எனக்கு எச்சரிக்கை. அவருடைய அக்கா எங்கே, பக்கத்து வீட்டுத் தோழி எங்கே, பங்கில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே தேட ஆரம்பிப்பேன்.


வேப்பமர_நிழல் | வியாழன், இரவு 10.00

நான் ஒரு போதகரின் மனைவி. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜெபக்குறிப்பு.

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் நூற்று எண்பது பேர். போன வருஷம் நான் போட்டது இது: "நம் சபையில் சமீபத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய கணவரால் மிகுந்த வேதனைப்படும் ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்." பெயர் போடவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். எங்கள் சபையில் அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய கணவர் ஒரே ஒருவர். அரை மணி நேரத்தில் நாற்பது "ஆமென்" வந்தது. நாற்பத்தொன்றாவதாக அவருடைய தம்பியும் ஆமென் போட்டிருந்தார். அன்று ராத்திரி அவளுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுத மாட்டேன். அது அவளுடைய விஷயம். அவள் திரும்ப என்னோடு பேச ஐந்து மாதம் ஆயிற்று. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அன்றைக்கே அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

பிரசங்கமும் அப்படித்தான். "ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன்" என்று மேடையில் ஆரம்பித்தால், அந்த வீட்டுக்காரி மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து தலை குனிகிறாள். இப்போது என் வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். ஊழியத்தில் கேட்ட எதுவும் பிரசங்கத்துக்கு வராது, நல்ல முடிவு உள்ள கதையும் வராது. சாட்சி சொல்கிறவர் தானாகக் கேட்டால்தான் மேடை, அதுவும் சுகமாகி ஒரு வருஷம் கழித்து.


தோட்டக்காரன் | வெள்ளி, காலை 6.40

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் தம்பி, நான் யாருடைய மாத்திரையையும் கொட்டியதில்லை. ஆனால் "கர்த்தர் பார்த்துக்குவார், டாக்டர்கிட்ட அவசரம் இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை வீட்டில் சொன்னேன் என்று நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். ஏழு வீடு நினைவுக்கு வந்தது. அந்த ஏழு வீட்டுக்கும் இந்த வாரம் போகிறேன்.

விடுதலைக்கான ஜெபத்தை மட்டும் நான் விட மாட்டேன். அசுத்த ஆவிகள் உண்டு என்று வேதம் சொல்வதை நம்புகிறவன் நான், அதில் உங்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் இனிமேல் டாக்டர் பார்த்த பிறகுதான் ஜெபம். கட்டுவது, அடிப்பது, பட்டினி போடுவது, கத்திக் கூச்சலிட்டுப் பயமுறுத்துவது கிடையாது. வீட்டாரில் ஒருவரும் என் மனைவியும் இல்லாமல் உட்கார மாட்டேன். யாக்கோபு நிருபத்தில் சபையின் மூப்பர்களை அழைக்கச் சொல்லியிருக்கிறது. மூப்பர்கள் என்று பன்மையில். இத்தனை வருஷமாக நான் ஒருத்தனாகவே போயிருக்கிறேன்.


வார்டு_நர்ஸ் | வெள்ளி, மதியம் 1.20

ஐயா, பிசாசு இருக்கிறதா இல்லையா என்று உங்களோடு வாதாட நான் வரவில்லை. "டாக்டர் பார்த்த பிறகுதான்" என்ற வார்த்தையை நீங்கள் காப்பாற்றினால் எனக்குப் போதும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் முகத்துக்கு நேராக "உனக்குள்ளே பிசாசு இருக்கு" என்று சொல்ல வேண்டாம். காதில் ஏற்கெனவே திட்டுகிற குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு, நம் வார்த்தை அந்தக் குரலோடு சேர்ந்துவிடும்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். நான் வார்டில் அடிக்கடி நினைத்துக்கொள்கிற இடம் அது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை: பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைக் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் சபைக் கட்டடத்தில் சாவியோடு ஒரு அலமாரிக்கு இடம் இருக்குமா என்று மூப்பர்களிடம் கேளுங்கள்.


பாளைக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.50

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிப் பதினொன்றரைவரை உட்கார்ந்திருந்தோம். பிள்ளையை நான் மடியில் வைத்திருந்தேன். டாக்டரம்மா "இவங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். "எங்க சபை அக்கா" என்றாள். "வெளியே இருக்கட்டுமா, உள்ளே இருக்கட்டுமா?" என்று அவளையே கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "வெளியே இருக்கட்டும், ஆனா போயிராதீங்க" என்றாள். பதினோரு வருஷத்தில் எனக்குச் சரியான இடம் அந்தப் பெஞ்சுதான் என்று அப்போது தோன்றியது.

தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை. அவள் அம்மா இரண்டு முறை "மந்திரிச்சுப் பாப்போமா" என்றார். நர்ஸ் சொன்ன நான்கு வாரக் கணக்கைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன். வீட்டுக்காரரிடம் அவளே பேசினாள், நான் பேசவில்லை. அவர் இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். சிலருக்கு வருத்தம்தான். "ஜெபத்தைவிட டாக்டர் பெருசா?" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். அவரிடம் தனியாகப் பேச வேண்டும். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தனியாகப் போவதில்லை, துணை வரவில்லை என்றால் சந்திப்பைத் தள்ளிவைப்பது. சந்திப்பு நோட்டின் முன் அட்டையில் 14416, 1098, 181, 108 என்று பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று. நோட்டில் இனிமேல் என்ன பிரச்சினை என்று எழுத மாட்டோம், வீடும் தேதியும் மட்டும். மாதத்தில் முதல் சனிக்கிழமை நாங்களே ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு, ஓய்வு பெற்ற மனநல நர்ஸ் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்றுப் போனோம், இரண்டு பேராக. தூளி காலியாக இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ரொம்பப் பேசவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல வாசலுக்கு வந்தாள். நான் செருப்பைப் போடாமல் நின்றேன். "அடுத்த வாரம் நாலு மணிக்கு மேல வாங்கக்கா, அது வரைக்கும் இவன் தூங்குவான், நானும் தூங்குவேன்" என்றாள்.